கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றியவன்

என்ன செய்தாலும் சாகாது என்று சொல்லி விற்கப்படும் செடியை நான் இதுவரை மூன்று முறை கொன்றிருக்கிறேன். மூன்றாவது போன மாதம் நடந்தது. படப்பை போகிற சாலையில் ஒரு நாற்றுப் பண்ணையில் வாங்கினேன். கையகலத் தொட்டி, அதில் குழந்தையின் விரல்களைப் போலச் சதை பிடித்த இலைகள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் காட்டினால் போதும், மறந்துபோனாலும் ஒன்றும் ஆகாது என்று பண்ணைக்காரர் சொன்னார். எனக்கு வேறு எல்லாம் மறக்கும், கண்ணாடி, கல்யாண நாள், காஸ் அடுப்பு உட்பட. இது மட்டும் மறக்கவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது ஒரு டம்ளர், மாலையில் செருப்பைக் கழற்றும்போது ஒரு டம்ளர். பன்னிரண்டாம் நாள் அது கூழாகிச் சரிந்தது. தொட்டியை எடுத்துக்கொண்டு திரும்பவும் போய் நின்றேன். பண்ணைக்காரர் அதை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். பிறகு, பிளாஸ்டிக் செடிகள் அடுக்கியிருந்த பக்கத்தைக் கையால் காட்டினார்.

வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் இது வயதாகி வந்த பழக்கம் இல்லை. முதல் கொலையை நான் ஒன்பது வயதிலேயே செய்து முடித்துவிட்டேன். அன்றைக்கு அதைக் கொலை என்று நான் நினைக்கவில்லை, ஓர் உயிரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் ஏரியைப் பார்த்துப் போகிற ஒரு மண் ரோட்டில் குடியிருந்தோம். வீட்டைச் சுற்றிலும் காலி மனைகள், மனைகளில் எருக்கும் ஊமத்தையும் எல்லைக்கல்லும். எங்கள் வீட்டு வாசல் நிலையின் நடுவில் ஓர் ஆணி. அந்த ஆணியிலிருந்து சணல் கயிற்றில் ஒரு சோற்றுக்கற்றாழை, வேர் மேலேயும் இலை கீழேயுமாகத் தொங்கியது. துணைக்கு ஒரு படிகாரக் கட்டி. திருஷ்டிக்குக் கட்டியது. எதிர்வீட்டில் பூசணிக்காயில் பூதம் வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் எங்களுடையது கொஞ்சம் நாகரிகமான ஏற்பாடு.

கட்டியது பெரியம்மா, அம்மாவின் அக்கா. கோவிலம்பாக்கத்தில் இருந்தாள். அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. ஐந்து நாள் எதிர்வீட்டில், பூசணிக்காய் பூதத்தின் நிழலில், சாப்பிட்டுத் தூங்கினேன். ஆறாவது நாள் ஒரு ஆட்டோவிலிருந்து அப்பா அம்மாவை இறக்கினார். பீங்கான் சாமான் இருக்கிற பெட்டியை இறக்குவதைப் போல அவ்வளவு மெதுவாக. அம்மா என்னைப் பார்த்தாள், தலையைத் தடவினாள், உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பெரியம்மா வேரோடு பிடுங்கிய கற்றாழையுடன் வந்து இறங்கினாள். பொல்லாத கண் பட்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலில் ஏறி, தன் கையாலேயே கட்டினாள். ஒரு மாதத்தில் அம்மா எழுந்து சமைக்க ஆரம்பித்தாள். இரண்டு மாதத்தில் என்னைத் திட்டவும் ஆரம்பித்தாள். கற்றாழை வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை அவருக்கு. ஸ்கேல் வைத்து அளக்க முடியாத எதையும் அவர் நம்புவதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் பெரியம்மா ஸ்டூலில் ஏறியபோது அது ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். நம்பிக்கை இல்லையென்றால் அவிழ்த்துவிட வேண்டியதுதானே என்று ஒருநாள் கேட்டேன்.

"இருந்துட்டுப் போகட்டும்டா. அது யாரைக் கடிக்குது?" என்றார்.

அடுத்த ஆடி மாதம் நான் ஐந்தாம் வகுப்பு. அறிவியல் பாடத்தில் விதை முளைக்கும் சோதனை வந்தது. கண்ணாடி டம்ளரில் பஞ்சை வைத்து, அதில் பயறு போட்டு, தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் பயறெல்லாம் கல்லாகக் கிடக்க, என்னுடையது மட்டும் மூன்றே நாளில் முளைத்து நின்றது. டீச்சர் டம்ளரைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். அம்மா சுண்டலுக்கு ஊறப்போட்டதில், ஏற்கெனவே முளை எட்டிப் பார்த்த ஒன்றைத்தான் நான் பொறுக்கிக்கொண்டு போனேன் என்பது எனக்கும் பஞ்சுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஆனால் கைதட்டலுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு நாள் கேட்டால் நமக்கே நம்பிக்கை வந்துவிடும். செடிகொடி விஷயத்தில் எனக்கு ஏதோ கைராசி இருப்பதாக முடிவு கட்டினேன். செடிக்கு மண், தண்ணீர், காற்று, வெளிச்சம் என நான்கு வேண்டும் என்று டீச்சர் சொன்னதை நான்கு பக்கத்துக்கு எழுதினேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். பத்து மாதமாகத் தினமும் அதன் கீழேதான் போய் வந்திருக்கிறேன். நிமிர்ந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை. திருஷ்டிக்குக் கட்டியதை வருகிறவர்கள் பார்ப்பார்கள், வீட்டுக்காரர்கள் பார்ப்பதில்லை. ஆடிக் காற்றில் அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இலைகள் சுருங்கி, ஓரம் சிவந்து, புழுதி படிந்து, இடுக்கில் சிலந்தி வலை. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பச்சை. தலைகீழாகத் தொங்கிய செடியின் நடு இலைகள் மட்டும் வளைந்து வானத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன. கிணற்றில் விழுந்தவன் மேலே கையை நீட்டுவதைப் போல எனக்குத் தோன்றியது. நான்கு பக்கம் எழுதினேனே, அந்த நான்கில் இதற்குக் கிடைத்தது காற்று மட்டும்தான். நம் வீட்டு வாசலிலேயே ஓர் உயிரைத் தூக்கில் போட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்து சோறு தின்கிறோம்.

சனிக்கிழமை மதியம் அம்மா தூங்கினாள். சமீபமாக மதியத்தில் நிறையத் தூங்கினாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பென்சில் சீவும் பிளேடால் வேருக்குக் கொஞ்சம் மேலே கயிற்றை அறுத்தேன். கற்றாழை கையில் விழுந்தது. காகிதம் மாதிரி கனமில்லாமல் இருந்தது. அதன் பிறகுதான் வெறும் கயிறு கண்ணில் பட்டது. இறங்கி வீட்டைச் சுற்றித் தேடியதில், கொல்லைப்புறத்தில் தேய்ந்து முழநீளமாகிப்போன தென்னந்துடைப்பம் ஒன்று கிடைத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நிறம் ஏறக்குறைய அதேதான். அதைக் கயிற்றின் நுனியில் கட்டினேன். அன்றிலிருந்து எங்கள் குடும்பம் ஒரு கட்டைத் துடைப்பத்தின் கீழே போய் வந்தது. தபால்காரர் வந்தார், காஸ்காரர் வந்தார், அப்பாவின் மேலதிகாரி ஒருமுறை வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கொல்லையில் அடிபம்புக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லின் மறைவில், வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்த பழைய டின் ஒன்று இருந்தது. அதில் மண் நிரப்பி நட்டேன். பத்து மாதத் தாகம் அல்லவா? பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு சொம்பு, வந்தவுடன் ஒரு சொம்பு, விளக்கு வைத்ததும் ஒரு சொம்பு. காப்பித் தூள் சக்கையைப் போட்டேன். என் பங்குப் பாலில் பாதியை ஊற்றினேன். யாரும் சொல்லாமல் பையன் தானாகப் போய்த் தண்ணீர் அடிப்பதைப் பார்த்து அப்பா, பொறுப்பு வந்துவிட்டது என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார். மூன்றாம் நாள் இலைகள் பருத்தன. ஐந்தாம் நாள் பச்சைப் பசேலென்று மினுமினுத்தன. பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்த பெருமை, பிற்பாடு என் முதல் சம்பளத்தில்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

எட்டாம் நாள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

காலையில் எழுந்ததும் வாந்தி. சாம்பார் கொதித்தால் வாந்தி. பல்பொடி வாசனைக்கு வாந்தி. படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் சுவரைப் பிடித்தாள். அப்பா என்றைக்கும் இல்லாமல் மாதுளம்பழம் வாங்கி வந்து, இன்னும் என்றைக்கும் இல்லாமல் அதை அவரே உரித்தார். பெரியம்மா இரண்டு நாளைக்கு ஒருமுறை கோவிலம்பாக்கத்திலிருந்து வந்தாள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றது. இதைப் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எதிர்வீட்டுப் பூதத்துக்கே புரிந்திருக்கும். புரியாதவன் தாம்பரத்தில் ஒருவன்தான் இருந்தான். அவனிடம் பொய்யாகச் சம்பாதித்த விஞ்ஞானப் புகழ் வேறு இருந்தது.

என் கணக்கு இப்படிப் போனது. அம்மாவுக்கு உடம்பு கெட்டது, கற்றாழை கட்டினார்கள், சரியானது. நான் கற்றாழையை எடுத்தேன், திரும்பவும் கெட்டது. இதில் எங்கே ஓட்டை இருக்கிறது? இன்றைக்கும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முன்னமே ஒருமுறை ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். இந்தத் தடவை ஆட்டோவிலிருந்து இறங்காமலே போய்விட்டால்? ராத்திரியில் எழுந்து அம்மா மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே கையை வைத்துப் பார்த்தேன்.

செடியைத் திரும்பவும் கட்டிவிடலாம் என்று கொல்லைக்கு ஓடினேன். டின்னிலிருந்து அதைத் தூக்கினேன். இலைகள் மட்டும் கையோடு வந்தன. அடிப்பாகம் பழுப்புக் கூழாக டின்னிலேயே தங்கிவிட்டது. அழுகிய நாற்றம். பத்து மாதம் மண்ணில்லாமல் தண்ணீரில்லாமல் தலைகீழாக உயிரைப் பிடித்துவைத்திருந்த செடி, என் கையில் பதினெட்டே நாள் இருந்தது. அதோடு அம்மாவையும் கொல்லப் போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தெருத்தெருவாகத் தேடினேன். காலி மனைகளில் எருக்கு இருந்தது, ஊமத்தை இருந்தது, கற்றாழை இல்லை. அப்பாவிடம் சொல்லப் பயம். பெரியம்மாவிடம் சொல்ல இன்னும் பயம். மிஞ்சியது மீன்காரம்மா.

அவள் கடலோரத்துக் குப்பத்திலிருந்து, பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறி, வாரத்தில் இரண்டு நாள் எங்கள் தெருவுக்கு வருவாள். தலையில் அலுமினிய அன்னக்கூடை. அம்மாவும் அவளும் வாசலில் உட்கார்ந்து பேரம் பேசினால் அரை மணி நேரம் ஆகும். மீனை விட அந்தப் பேரம்தான் இருவருக்கும் பிடிக்கும் என்று அப்பா சொல்வார். அன்று அவள் கூடையை இறக்கும் முன்பே அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மீன்காரம்மா போகிறவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் ஏதோ மாறியது. கூடையை இறக்காமலே திரும்பி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடி, தெருமுனையில் பிடித்தேன். நடந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு கற்றாழை வேண்டும் என்றேன்.

"கத்தாழ எங்க கொப்பத்துல கொள்ள கொள்ளயா கீது கண்ணு, மணல்ல. அத்த சாவடிக்கிறதுன்னா சொம்மாவா? இன்னா பண்ண?"

"தண்ணி ஊத்தினேன்."

"எத்தினி வாட்டி?"

"மூணு வாட்டி."

"மாசத்துக்கா?"

"ஒரு நாளைக்கு."

மீன்காரம்மா கூடையை இறக்கித் தரையில் வைத்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மீன் கழுவிய ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"உங்கம்மாக்கு ஒண்ணியும் ஆவாது. நாலு பெத்தவ நான் சொல்றேன், அழுவாத. கத்தாழ எட்த்தாறேன். ஆனா ஒரு சொட்டு தண்ணி காட்டக் கூடாது, ஆமா."

நாலு பெற்றதற்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் தண்ணீர் காட்டக் கூடாது என்பது நன்றாக மனதில் பதிந்தது. சொன்ன பேச்சை நான் கேட்ட மிகச் சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் வம்பு வந்தது.

அடுத்த தடவை வந்தபோது, சொன்னபடியே கொண்டுவந்தாள். மேலே வைத்தால் பஸ்ஸில் மிதித்துவிடுவார்கள் என்று கூடையின் அடியில், நெத்திலிக்கும் காரப்பொடி மீனுக்கும் கீழே, வேரோடு வைத்திருந்தாள். இரண்டு பஸ் தூரமும் மீன் தண்ணீர் அதன் மேல் சொட்டியிருந்தது. நல்ல கொழுத்த செடி. தெருமுனையில் என் கையில் கொடுத்துவிட்டு, நன்றாக அலசிவிட்டுக் கட்டச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தண்ணீரே கூடாது என்று சொல்லிவிட்டாளே, நானும் அலசவில்லை. அம்மா படுத்திருந்த நேரமாகப் பார்த்து ஸ்டூலில் ஏறி, துடைப்பத்தை அவிழ்த்துவிட்டு, செதில் ஒட்டிய கற்றாழையை அப்படியே கட்டினேன். இனி அம்மா பிழைத்துக்கொள்வாள்.

ஒரு மணி நேரம் கழித்து, யாரோ கூப்பிட்டார்கள் என்று அம்மா வாசலுக்கு வந்தாள். நிலையைத் தாண்டியதும் குமட்டியது. உள்ளே ஓடினாள். முகம் கழுவித் தண்ணீர் குடித்துத் திரும்பவும் வந்தாள். திரும்பவும் ஓடினாள். துடைப்பம் இருந்தபோதுகூட இவ்வளவு மோசமில்லை. புதுக் கற்றாழைக்கும் அடங்காத கண் என்றால் அது எவ்வளவு பெரிய கண்ணாக இருக்கும்? எதிர்வீட்டுப் பூசணிக்காயைத் திருடலாமா என்று தீவிரமாக யோசித்தேன்.

சாயங்காலம் பெரியம்மா வந்தாள். மூக்கைச் சுளித்தாள், ஆனால் அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று நேரே உள்ளே போய்விட்டாள். ஆறரை மணி வாக்கில் அப்பா எலெக்ட்ரிக் டிரெயினிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது, வாசலில் மூன்று பூனைகள் வரிசையாக உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் தெருவில் பூனை இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அப்பா பூனைகளைப் பார்த்தார். பூனைகள் பார்த்த இடத்தைப் பார்த்தார். அவர் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அதை விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு, அளக்கிறவர் அல்லவா, கிட்டே போய்க் கற்றாழையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். இலைக்கு நடுவிலிருந்து ஒரு நெத்திலி விழுந்தது. மூன்று பூனைகளும் எழுந்தன.

என்னைக் கூப்பிட்டார்கள். ஹாலில் அப்பா நின்றார், பெரியம்மா நின்றாள், அம்மா நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பயறு, பிளேடு, துடைப்பம், மூன்று சொம்பு, மீன்காரம்மா. திட்டினால் திட்டட்டும், அடித்தால் அடிக்கட்டும், எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"அம்மா செத்துடுவாங்களாப்பா?"

பெரியம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா, நான் கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வி கேட்டார்.

"எடுத்தது என்னிக்கு? தேதி சொல்லு."

சொன்னேன். அப்பா விரல்விட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணி முடித்து, முகம் வெளிறி, சுண்டுவிரலிலிருந்து திரும்பவும் எண்ணினார்.

"உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கையே கிடையாதே. எதுக்கு இந்த எண்ணு எண்றீங்க?" என்றாள் பெரியம்மா.

அப்பா நெற்றியைக் கழுவப் போனார். அப்போதுதான் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் தோள் மட்டும் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு கட்டத்தில் பெரியம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டு, சிரிக்காதேடி, உலுக்காதேடி என்று பதறினாள். அம்மா என்னை இழுத்து, என் தலையைத் தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். மீன் நாற்றம் அடிக்குதுடா உன்மேல என்றாள். ஆனால் விடவில்லை.

பெரியம்மா கற்றாழையை எடுத்துப் போய்க் கொல்லையில் நாலு வாளித் தண்ணீரில் அலசினாள். ஸ்டூலைத் தேடினாள். அவள் ஏறப் போகிற நேரத்தில் அம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"மறுபடி கட்ட வேணாம்க்கா. கீழ நட்டுடலாம். தரையிலயே இருக்கட்டும்."

பெரியம்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். இந்த மாதிரி நேரத்தில் வாசல் வெறுமையாக இருக்கக் கூடாது என்றாள். போன தடவை பட்டது போதாதா என்றாள். அக்கா சொன்னதை மறுத்து அம்மா பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அன்று மறுத்தாள். கடைசியில் அப்பாதான் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, கதவோரமாகக் குழி தோண்டினார். எனக்கு ஒரே பெருமை. செடிக்கு மண் வேண்டும் என்ற என் நான்கு பக்க விஞ்ஞானத்தை அம்மா ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். தண்ணீர்ச் சொம்பு மட்டும் என் கைக்கு எட்டாத இடத்துக்குப் போனது.

அம்மா சாகவில்லை. ஆவணி முடிவதற்குள் வாந்தி நின்றது. கற்றாழைக்குத் தரை ஒத்துக்கொண்டதே காரணம் என்று குறித்துக்கொண்டேன். அவள் பருமனாகிக்கொண்டே வந்ததைக்கூட உடம்பு தேறுவதன் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன். பங்குனியில் ஒருநாள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஒரு துணிப்பொட்டலத்தைக் காட்டி, தங்கச்சி என்றார்கள். அப்போதும் இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் முழுதாகச் சேர்த்துப் பார்க்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. என் மனைவி உண்டான புதிதில், மூன்று மாதம் முடிகிறவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று பெரியம்மா எங்களுக்குக் கட்டளை போட்டாள். எதற்கு இவ்வளவு பயம் என்று நான் கிண்டலாகக் கேட்டேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள், "உங்கம்மாவுக்கு உன் தங்கச்சிக்கு முன்ன ஒண்ணு அஞ்சு மாசத்துல போச்சே, அந்த ஐப்பசி மழையில. மறந்துட்டியா?" மறப்பதற்கு எனக்கு யாரும் சொன்னதே இல்லை. காய்ச்சல் என்றுதானே சொன்னார்கள்.

அன்றிலிருந்து அந்த ஆடி மாதம் முழுவதும் எனக்கு வேறாகத் தெரிந்தது. நான் உள்ளே போனதும் நின்ற பேச்சு, மாதுளம்பழம், மீன்காரம்மாவின் பார்வை, பகுத்தறிவு பேசிய மனிதர் சுண்டுவிரலிலிருந்து திரும்ப எண்ணியது. ஒரு துடைப்பத்தை நம்பிக் குழந்தை இத்தனை நாள் வயிற்றில் இருந்திருக்கிறதே என்றுதான் அவர் எண்ணியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அம்மா. போன குழந்தைக்காகக் கட்டியது அந்தச் செடி. ஒவ்வொரு தடவை வாசலைத் தாண்டும்போதும் அது அவளுக்கு நினைவுபடுத்தியிருக்கும். மண்ணில்லாமல் நடுவில் தொங்குகிற ஓர் உயிரைப் பத்து மாதம் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான், தரையிலயே இருக்கட்டும் என்று அக்காவையே எதிர்த்துச் சொல்லியிருக்கிறாள். இதை நான் பல வருஷம் மனதில் வைத்திருந்தேன். மனைவியிடம் சொல்லிக் கண் கலங்கினேன். நண்பர்கள் நடுவில் இரண்டு முறை சொல்லி, இரண்டு முறையும் நல்ல மௌனம் கிடைத்தது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவிடமே சொன்னேன். தங்கையும் வந்திருந்தாள். அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது. டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, நான் முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டாள். முடித்துவிட்டு, அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை அம்மா, இப்போதுதான் புரிந்தது என்றேன். குரல் கொஞ்சம் உடைந்ததும் உண்மை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடா" என்றாள் அம்மா. "உங்க பெரியம்மாவுக்கு ஸ்டூல்ல ஏறியும் ஆணி சரியா எட்டல. கயித்த ஒரு முழம் நீளமா விட்டுட்டா. போக வர அந்த முள்ளு என் கொண்டையப் புடிச்சு இழுக்கும். அக்காகிட்ட சொல்ல முடியுமா? நீ அத எடுத்த அன்னிக்கே எனக்குத் தெரியும். முள்ளு மாட்டலயே."